புதுப் பள்ளிக்கூடம் வருகிறது! பிளான் போடும்போதே பார்க்க வேண்டாமா?

தாராவியில் விடிகாலை நேரம். குழாயடியில் குடங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. கணவரை இட்லி வியாபாரத்துக்கு அனுப்பி விட்டுத் தண்ணீர் பிடிக்க வந்த ஒரு பெண், கோட்டைப் பகுதி ஆபீசில் குமாஸ்தாவாக இருக்கும் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்கிறார்.

"அண்ணாச்சி, நம்ம பிள்ளைங்க படிக்கிற பள்ளிக்கூடத்தை இடிக்கப் போறாங்களாமே, நிசமா?"

"ஆமா தங்கச்சி. கட்டிடம் பழசாயிட்டு. சி-1 போட்டுட்டாங்களாம். இடிச்சிட்டுப் புதுசா கட்டுவாங்க."

"புதுசா கட்டினா நல்லதுதானே?"

"நல்லதுதான். எப்படிக் கட்டணும்னு நம்மகிட்ட யாரு கேட்டா? நாமளும் யாருகிட்ட போய்ச் சொன்னோம்?"

தமிழர்கள் கூடி வாழும் தாராவி, சயான், மாட்டுங்கா லேபர் கேம்ப், ஆன்டாப்ஹில், செம்பூர் என்று எந்தப் பகுதியிலும் இப்படி ஒரு பேச்சு எழலாம். நாடு விட்டு நாடு போகாவிட்டாலும், ஊர் விட்டு ஊர் வந்த நம்மவர்களுக்கு மாநகராட்சிப் பள்ளிக்கூடம்தான் பெரிய துணை. சம்பளம் கட்ட வேண்டாம். புத்தகம் கிடைக்கும். மதியம் ஒரு வேளைச் சாப்பாடு கிடைக்கும். தமிழிலும் படிக்கலாம். மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி, கன்னடம், தெலுங்கு, தமிழ், ஆங்கிலம் என்று 8 மொழிகளில் பள்ளிக்கூடம் நடத்தும் மாநகராட்சி மும்பை மாநகராட்சி.

அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கட்டிடம் வருகிறது என்றால், ஒரு தடவை கட்டியது கட்டியதுதான். இன்றைக்கு முதல் வகுப்பில் இருக்கும் பிள்ளையின் பிள்ளையும் அதே மாடிப்படியில்தான் ஏற வேண்டி இருக்கும்.

சி-1 என்றால் என்ன?

மும்பையில் 30 ஆண்டுகளைத் தாண்டிய கட்டிடங்களை என்ஜினீயரை வைத்துச் சோதித்து, உறுதியாக இருக்கிறதா என்று சான்று வாங்க வேண்டும். மாநகராட்சிச் சட்டத்தின் 353-பி பிரிவு இதைச் சொல்கிறது. "ஸ்ட்ரக்சரல் ஆடிட்" என்று எல்லோரும் சொல்வது இதைத்தான்.

சோதனை முடிந்ததும் கட்டிடத்தைத் தரம் பிரிப்பார்கள். சி-3 என்றால் சில்லறைப் பழுது. சி-2 என்றால் பெரிய பழுது. அதிலும் சிலவற்றை ஆட்களைக் காலி செய்யாமலே சரி செய்யலாம், சிலவற்றை ஒரு பகுதியையாவது காலி செய்துதான் சரி செய்ய முடியும். சி-1 என்று எழுதி விட்டால் கட்டிடம் ஆபத்தானது, உடனே காலி செய்து இடிக்க வேண்டும் என்று பொருள்.

கடற்கரை ஊரில் உப்புக் காற்று. நாலு மாதம் அடைமழை. காங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்து ஊதுகிறது. ஊதினால் சிமெண்டு பிளந்து கொட்டுகிறது. வகுப்பறைக் கூரையில் சாம்பல் நிறத்தில் படை படையாக உரிந்து, உள்ளே சிவப்புக் கம்பி தெரிந்தால் அதுதான் அடையாளம். அதைச் சுண்ணாம்பு அடித்து மறைத்துப் பயன் இல்லை.

ஆகவே இடிக்கிறார்களே என்று ஆத்திரப்பட வேண்டியது இல்லை. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு.

பிள்ளைகள் எங்கே போவார்கள்?

முதல் கேள்வி இதுதான். கட்டிடம் இடிபட்டால், புதுசு எழும்பும் வரை பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றுவார்கள். அது பக்கத்துத் தெருவாக இருந்தால் கவலை இல்லை. ரெயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் இருந்தால்? நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டி இருந்தால்? இட்லி விற்கும் தாயும், ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கும் தகப்பனும் தினமும் கூட்டிக் கொண்டு போய் விட முடியுமா?

நாலு நாள் போவார்கள். மழை வலுத்தால் நின்று விடுவார்கள். பெண் பிள்ளை என்றால் "வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்" என்று நிறுத்தி விடுவார்கள். இரண்டு மூன்று வருடம் கழித்துப் புதுக் கட்டிடத்தில் தமிழ் வகுப்பைத் திறக்கும்போது, பெஞ்சு இருக்கும், பிள்ளை இருக்காது. எண்ணிக்கை குறைந்து விட்டது என்று சொல்லி அந்த வகுப்பையே இன்னொரு பள்ளியோடு சேர்த்து விட்டால் கேட்க நாதி இருக்காது.

கல்வி உரிமைச் சட்டத்தை ஒட்டி மத்திய அரசு வகுத்த மாதிரி விதிகளில், 1 முதல் 5 வரையான வகுப்புகளுக்கு 1 கிலோ மீட்டருக்குள்ளும், 6 முதல் 8 வரை 3 கிலோ மீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும் என்று சொல்லப்பட்டு இருக்கிறது. மனு எழுதுகிறவர்கள் இந்த இரண்டு எண்ணையும் குறித்து வைத்துக் கொள்ளலாம். பிளான் என்பது செங்கல், சிமெண்டு கணக்கு மட்டும் அல்ல. நடுவில் வரும் இந்த இரண்டு மூன்று வருடத்துக்கும் சேர்த்துத்தான் பிளான்.

யாரிடம் சொல்வது?

"நாம் சொன்னால் யார் கேட்பார்கள்?" என்று நம்மவர்கள் சொல்வது வழக்கம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

2009-ல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1-ந் தேதி முதல் நடைமுறைக்கு வந்தது கல்வி உரிமைச் சட்டம். அதன் 21-வது பிரிவின்படி ஒவ்வோர் அரசுப் பள்ளிக்கும், உள்ளாட்சிப் பள்ளிக்கும், உதவி பெறும் பள்ளிக்கும் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். மராத்தியில் "ஷாளா வ்யவஸ்தாபன் சமிதி" என்று போர்டில் எழுதி இருப்பார்கள். அதன் உறுப்பினர்களில் நாலில் மூன்று பங்கு பேர் பெற்றோர்கள். மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள்.

22-வது பிரிவு இன்னும் முக்கியமானது. பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிக்க வேண்டியதே இந்தக் குழுதான். எத்தனை பிள்ளைகள் வருவார்கள், எத்தனை ஆசிரியர் வேண்டும், எத்தனை அறை வேண்டும், என்ன செலவாகும் என்று மூன்று ஆண்டுக் கணக்கை அதில் எழுத வேண்டும் என்று மாதிரி விதிகள் கூறுகின்றன.

ஆனால் நடப்பது என்ன? குழுவில் பெயர் இருக்கும். கூட்டம் வேலை நாளில் பகல் நேரத்தில் நடக்கும். போனால் ஒரு நாள் கூலி போய்விடும். நோட்டில் மராத்தியிலோ இந்தியிலோ எழுதி இருப்பதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறவர்கள் பலர். இதில் அதிகாரிகளை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. மாதத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினால் போதும்.

எப்போது சொல்வது என்பதும் உண்டு. முதலில் தேவை என்ன என்ற கணக்கு. அடுத்து வரைபடம். பிறகு எஸ்டிமேட். அதன் பிறகு டெண்டர். கடைசியில் வேலை உத்தரவு. வரைபடம் பேப்பரில் இருக்கும்போது ஒரு சுவரைத் தள்ளிப் போட ஒரு ரப்பர் போதும். டெண்டர் விட்ட பிறகு அதே சுவரைத் தள்ள வேண்டும் என்றால் மாற்று எஸ்டிமேட், மறு ஒப்புதல் என்று கோப்பு சுற்றும். சுவர் எழும்பி விட்டால் பேச்சே இல்லை.

ஒரு வகுப்பறை எத்தனை பெரிது?

சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்கு வகுத்திருக்கும் அளவு, வகுப்பறை 500 சதுர அடிக்குக் குறையக் கூடாது, ஒரு பிள்ளைக்கு ஒரு சதுர மீட்டராவது வேண்டும் என்பது. நம்மவர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், பத்துக்குப் பத்து அறைகள் ஐந்தைச் சேர்த்த இடம். பத்துக்குப் பத்தில் ஐந்து பேர், ஆறு பேர் படுத்து எழும் வீட்டுப் பிள்ளைக்கு, கையை நீட்டி உட்கார வாய்க்கும் இடம் பள்ளிக்கூடம் ஒன்றுதான். அதையும் நெருக்கிவிடக் கூடாது.

கூரை உயரம் பள்ளிகளுக்கு 3.6 மீட்டர், அதாவது சுமார் 12 அடி இருக்க வேண்டும் என்று தேசிய கட்டிட விதித் தொகுப்பு கூறுகிறது. வீட்டுக்கு 9 அடி, 10 அடி போதும் என்று இருக்க, பள்ளிக்கு ஏன் 12 அடி? 40 பிள்ளைகள் மூச்சு விடுகிறார்கள். சூடான காற்று மேலே போக இடம் வேண்டும். மாடிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதற்காக இந்த உயரத்தில் கை வைக்க ஆசை வரும். விடக் கூடாது.

ஜன்னல் கணக்கும் உண்டு. மும்பை, சென்னை போன்ற வெப்பமும் ஈரமும் சேர்ந்த ஊர்களில் தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது ஜன்னல் திறப்பு இருக்க வேண்டும் என்பது அந்தத் தொகுப்பு சொல்லும் அளவு. 500 சதுர அடி அறைக்கு 83 சதுர அடி. 5 அடிக்கு 4 அடி ஜன்னல் நாலு வைத்தால் ஏறக்குறைய கணக்கு சரியாகும். நாலும் ஒரே சுவரில் இருந்தால் காற்று ஓடாது. எதிர்ச் சுவரிலும் திறப்பு வேண்டும்.

வெளிச்சம் பிள்ளைகளின் இடது கைப் பக்கம் இருந்து வர வேண்டும் என்பது பழைய வாத்தியார்களுக்குத் தெரிந்த சங்கதி. வலது கையால் எழுதும் பிள்ளைக்கு வலது பக்கம் ஜன்னல் இருந்தால், எழுதும் இடத்தில் கையின் நிழல் விழும். கரும்பலகையை ஒட்டி ஜன்னல் வைத்தால் கண் கூசி எழுத்து தெரியாது. இதற்கெல்லாம் ஒரு காசு கூடுதல் செலவு கிடையாது.

மழையும் பள்ளியும் ஒன்றாக வரும்

தமிழ்நாட்டில் வெயில் தணியாத ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கும். பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில் வரும். மராட்டியத்தில் அப்படி இல்லை. ஜூன் நடுவில் பள்ளி திறக்கவும், தென்மேற்குப் பருவமழை இறங்கவும் சரியாக இருக்கும். முதல் வகுப்புப் பிள்ளை முதல் நாள் பள்ளிக்கு வருவதே நனைந்துதான்.

அந்தக் காற்று தென்மேற்கில் இருந்து அடிக்கும். மேற்கிலும் தெற்கிலும் உள்ள ஜன்னல்களுக்கு ஓர் அடிச் சன்ஷேடு வைத்தால் சாரல் உள்ளே வந்து விடும். ஜன்னலைச் சாத்துவார்கள். காற்று நின்று விடும். மின்சாரமும் போனால் இருட்டு. நாலு மாதம் இப்படியே போகும். மழை அடிக்கும் பக்கத்தில் அகலமான வராந்தாவை வைத்து, அதற்கு உள்ளே வகுப்பறையை வைத்தால் ஜன்னலைத் திறந்தே வைத்திருக்கலாம்.

நனைந்த குடையும் மழைக்கோட்டும் எங்கே தொங்கும்? வராந்தாவில் ஆணி வரிசையும், தண்ணீர் வடிய ஒரு சிறு வாய்க்காலும் போட்டால் வகுப்பறைத் தரை காய்ந்திருக்கும். தரையில் உட்கார்ந்து படிக்கும் சின்ன வகுப்புகளுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது பெற்ற தாய்க்குத் தெரியும்.

2005 ஜூலை 26-ந் தேதியை மும்பைவாசிகள் மறக்க முடியாது. சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் ஒரே நாளில் 944 மில்லி மீட்டர் மழை. ரெயில் இல்லை, பஸ் இல்லை. ஏராளமான பிள்ளைகள் அன்று இரவைப் பள்ளிக்கூடத்திலேயே கழித்தார்கள். தரைத் தளத்தை எவ்வளவு உயரத்தில் வைப்பது, மின்சாரப் பலகையை எங்கே வைப்பது, குடிதண்ணீர்த் தொட்டிக்குள் சாக்கடை நீர் புகாமல் எப்படிக் காப்பது என்பதெல்லாம் அந்த இரவை மனதில் வைத்து முடிவு செய்ய வேண்டியவை. அந்தத் தெருவில் அன்று எந்த மட்டம் வரை தண்ணீர் வந்தது என்பது என்ஜினீயருக்குத் தெரியாமல் இருக்கலாம். அங்கேயே குடியிருக்கும் பாட்டிக்குத் தெரியும்.

மாடிப்படி

இந்த இடத்தில் கும்பகோணத்தை நினைக்காமல் இருக்க முடியாது.

2004 ஜூலை 16-ந் தேதி. ஒரே கட்டிடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகள். சமையல் கூடத்தில் பிடித்த தீ, ஓலைக் கூரைக்குத் தாவியது. மாடியில் இருந்து இறங்கக் குறுகலான வழி. 94 பிஞ்சுகள் பலி. மும்பையிலும் எத்தனையோ தமிழ் வீடுகளில் அன்று அடுப்பு எரியவில்லை.

அதற்கு முன்பே, 1995 டிசம்பர் 23-ந் தேதி அரியானா மாநிலம் தப்வாலியில் பள்ளி ஆண்டு விழாப் பந்தல் தீப்பிடித்து 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பாதிக்கு மேல் குழந்தைகள். அங்கேயும் வெளியேறும் வழிதான் குறுகல்.

கும்பகோணம் விபத்தை ஒட்டித் தொடரப்பட்ட பொதுநல வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 2009 ஏப்ரல் மாதம் தீர்ப்பு அளித்தது. கல்வி பெறும் உரிமை என்றால் பாதுகாப்பான பள்ளியில் கல்வி பெறும் உரிமை என்றே பொருள் என்று அந்தத் தீர்ப்பு கூறியது. தேசிய கட்டிட விதித் தொகுப்பைப் பள்ளிகள் கடைப்பிடிக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

ஆகவே வரைபடத்தைக் கையில் வாங்கினால் முதலில் மாடிப்படியைத் தேட வேண்டும். ஒன்று இருந்தால் போதாது. இரண்டு வேண்டும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒன்றுக்குச் சமம்தான். ஒரு பக்கம் புகை மூண்டால் மறு பக்கம் ஓட வழி வேண்டும். அகலம் ஒன்றரை மீட்டருக்குக் குறையக் கூடாது. படியின் உயரம் 15 சென்டி மீட்டர், கால் வைக்கும் அகலம் 30 சென்டி மீட்டர். பெரியவர்களுக்கான கைப்பிடிக்குக் கீழே சின்னப் பிள்ளைகளுக்கு எட்டும்படி இன்னொரு கைப்பிடி. வகுப்பறைக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்பக்கம் திறக்கும் கதவில் 40 பிள்ளைகள் முண்டினால் கதவு திறக்காது.

இவ்வளவும் பிளானில் இருந்தும், கட்டிய பிறகு இரண்டாவது படிக்கட்டின் கீழ் உடைந்த பெஞ்சுகளை அடுக்கிப் பூட்டுப் போட்டு விடுகிறார்கள். உடைந்த சாமான் போட ஓர் அறையைப் பிளானிலேயே கேட்டு வாங்கி விட்டால், படிக்கட்டு தப்பிக்கும்.

சமையல் கூடம் இருந்தால் அது வகுப்பறைகளை விட்டுத் தள்ளி, தனிக் கூரையின் கீழ் இருக்க வேண்டும். சாப்பாடு வெளியில் சமைத்து வருகிற பள்ளியாக இருந்தாலும், அதை இறக்கி வைக்கவும், பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிடவும், கை கழுவவும் இடம் வேண்டுமே. நாலு குழாயில் 300 பிள்ளைகள் கை கழுவ முடியாது. கழுவாமலே சாப்பிடுவார்கள்.

பூகம்பம்

2001 ஜனவரி 26-ந் தேதி காலை 8.46 மணிக்குக் குஜராத்தில் பூமி நடுங்கியது. குடியரசு தினம் என்பதால் பல ஊர்களில் பிள்ளைகள் கொடியேற்றத்துக்கு மைதானத்தில் நின்றார்கள். பள்ளிக் கட்டிடங்கள் இடிந்தும் அவர்கள் பிழைத்தார்கள். ஆனால் அஞ்சாரில் குறுகிய தெரு வழியாக ஊர்வலம் போன பிள்ளைகள் மீது இரு பக்கத்து வீடுகளும் சரிந்தன. அகமதாபாத்தில் விடுமுறை நாளிலும் சிறப்பு வகுப்புக்கு வந்திருந்த மாணவர்கள், இடிந்த பள்ளிக் கட்டிடத்துக்குள் சிக்கி இறந்தார்கள்.

மும்பையில் மனை சிறிது. அதனால் தரைத் தளத்தைத் தூண்கள் மட்டும் நிறுத்தித் திறந்து விட்டு, மேலே வகுப்பறைகள் கட்டலாம் என்று யோசனை வரும். மழைக் காலத்தில் விளையாட, பிரார்த்தனைக்கு நிற்க அருமையான இடம். அதை மறுப்பதற்கு இல்லை. ஆனால் அகமதாபாத்தில் அன்று விழுந்த அடுக்கு மாடிகளில் பல, கீழே வண்டி நிறுத்தத் தூண்கள் மட்டும் விட்டுக் கட்டியவை. கீழே சுவர் இல்லாமல் மேலே கனம் ஏற்றினால் ஆட்டத்தில் தூண் முறியும். தூண்களைத் தகுந்தபடி பலப்படுத்திக் கட்ட என்ஜினீயர்களுக்கு வழி தெரியும். பூகம்பத்துக்குக் கணக்குப் போட்டிருக்கிறதா என்று கேட்பது பெற்றோரின் உரிமை. "இங்கே எங்கே பூகம்பம் வரப் போகிறது?" என்று யாராவது சிரித்தால், 2002-ம் ஆண்டு வரைபடத்திலேயே மும்பையை 3-வது மண்டலத்தில் வைத்தார்கள் என்று பதில் சொல்லலாம்.

தாழ்ப்பாள்

கழிப்பறையைப் பற்றிப் பேச நம்மவர்கள் கூச்சப்படுகிறார்கள். கூட்டத்தில் ஆண்கள் வாயைத் திறப்பதில்லை. பெண்கள் வெளியே வந்து பேசிக் கொள்கிறார்கள்.

ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையே கூறுகிறது. எல்லாப் பள்ளிகளிலும் கழிப்பறையும் குடிதண்ணீரும் 6 மாதத்துக்குள் அமைக்க வேண்டும் என்று 2012 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு கெடு விதித்தது. 2014-ல் மத்திய அரசு தனி இயக்கமே தொடங்கியது. ஆகவே இன்றைக்குக் கழிப்பறையே இல்லாத பிளான் வராது. அது எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி.

நாலாவது மாடியில் வகுப்பும், தரைத் தளத்தில் கழிப்பறையும் இருந்தால் பெண் பிள்ளை போக மாட்டாள். காலையில் இருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பாள். பையன்கள் நிற்கும் இடத்தைத் தாண்டிப் போக வேண்டி இருந்தாலும் போக மாட்டாள். ஒவ்வொரு மாடியிலும், ஆண்களுக்கு ஒரு கோடியிலும் பெண்களுக்கு மறு கோடியிலும் இருப்பது நல்லது. கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் வேண்டும். அது 6 வயதுப் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். பெரிய பெண்களுக்குத் தண்ணீர்க் குழாய் உள்ளேயே வேண்டும், துணி போட மூடியுள்ள கூடை வேண்டும். வயதுக்கு வந்த பெண்ணை 7-வது வகுப்போடு நிறுத்தி விட்டார்கள் என்றால் அதற்கு வீட்டுக் கட்டுப்பாடு மட்டும் காரணம் அல்ல. சில சமயம் ஒரு தாழ்ப்பாள்தான் காரணம்.

ஊனமுற்ற பிள்ளைகளுக்குச் சாய்வுப் பாதை கட்டாயம். ஓர் அடி ஏற 12 அடி நீளம் வேண்டும். பல இடங்களில் இடம் இல்லை என்று செங்குத்தாகப் போட்டு விடுகிறார்கள். அதில் சக்கர நாற்காலி ஏறாது, சறுக்கி விளையாடத்தான் உதவும். தேர்தலில் ஓட்டுப் போடப் பெரும்பாலும் இதே பள்ளிக்குத்தான் வருகிறோம். ஊன்றுகோலோடு வரும் தாத்தாவுக்கும் அதே சாய்வுப் பாதைதான்.

ஒரு கூரை, நாலு பள்ளி

இது மும்பைக்கே உரிய சிக்கல். தமிழ்நாட்டில் இருந்து பார்க்கிறவர்களுக்குப் புரியாது. வெளியே பார்த்தால் ஒரு கட்டிடம். உள்ளே மராத்திப் பள்ளி, இந்திப் பள்ளி, உருதுப் பள்ளி, தமிழ்ப் பள்ளி. பல இடங்களில் காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று என்று ஷிப்டு. மில்லில் ஷிப்டு பார்த்து வளர்ந்த ஊர் அல்லவா!

நாலு பள்ளி என்றால் நாலு தலைமை ஆசிரியர். ஒவ்வொரு பள்ளிக்கும் அலுவலகமும் பொருள் வைப்பறையும் தலைமை ஆசிரியர் அறையும் சேர்ந்த ஓர் அறை வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. ஆனால் பிளான் போடுகிறவர் கட்டிடத்தைத்தான் பார்ப்பார். ஒரு கட்டிடத்துக்கு ஓர் அறை என்று போட்டு விட்டால், பிள்ளை குறைவாக உள்ள பள்ளியின் தலைமை ஆசிரியர் வராந்தா முனையில் பீரோவை மறைப்பாக வைத்து உட்கார வேண்டியதுதான். மும்பையில் அந்தப் பள்ளி எந்த மொழிப் பள்ளியாக இருக்கும் என்று சொல்லத் தேவை இல்லை.

ஒரே அறையைக் காலையில் இந்தி வகுப்பும் பிற்பகலில் தமிழ் வகுப்பும் பயன்படுத்துகிறது என்று வைத்துக் கொள்வோம். சுவரில் யாருடைய எழுத்துப் படம் தொங்கும்? பிள்ளைகள் செய்த பொம்மைகளை எங்கே வைப்பது? அறைக்கு இரண்டு சுவர் அலமாரி, இரண்டு பூட்டு, எதிர் எதிர்ச் சுவரில் இரண்டு அறிவிப்புப் பலகை என்று முதலிலேயே போட்டு விட்டால் சண்டை இல்லை. நூலகமும் அப்படித்தான். ஒவ்வொரு பள்ளிக்கும் நூலகம் வேண்டும் என்பது சட்டம். தமிழ்ப் புத்தகத்துக்கு என்று ஓர் அலமாரியாவது எழுதி வாங்க வேண்டும்.

தமிழ் வகுப்புகளை நாலு மாடியிலும் சிதற விடாமல் ஒரே மாடியில் வைத்தால் ஆசிரியர் ஒருவர் விடுப்பில் போனாலும் பக்கத்து வகுப்பு ஆசிரியர் பார்த்துக் கொள்ள முடியும். 1, 2-ம் வகுப்புகள் எந்த மொழியாக இருந்தாலும் தரைத் தளத்தில் இருப்பது நல்லது.

கட்டிடமே பாடம்

கட்டிடத்தையே பாடம் நடத்த வைக்கும் முறை ஒன்று உண்டு. டெல்லியைச் சேர்ந்த கட்டிடக் கலைஞர் கபீர் வாஜ்பாயும் அவரது "வின்யாஸ்" அமைப்பும் இதை வளர்த்தார்கள். யூனிசெப் உதவியோடு பல மாநிலங்களுக்கு இது பரவியது. "பாலா" என்று சுருக்கமாகச் சொல்வார்கள்.

கதவு திறக்கும் இடத்தில் தரையில் கோணங்களைக் குறித்து விடுவார்கள். கதவைத் திறக்கத் திறக்க 30, 60, 90 என்று பிள்ளை தானே படிக்கும். படிக்கட்டில் எண்கள். ஜன்னல் கம்பியில் எழுத்துப் பழக வளைவுகள். விரலால் தடவிப் பார்த்தே கை பழகி விடும். ஜன்னலுக்கு எப்படியும் கம்பி போடத்தான் போகிறார்கள். வளைத்துப் போட்டால் அது பலகை ஆகிறது. தமிழ் எழுத்துக்கு வளைவு வேறு, மராத்தி எழுத்துக்கு வளைவு வேறு என்பதையும் அப்போதே சொல்ல வேண்டும்.

1950-களின் பிற்பகுதியில் காமராஜர் முதல்-அமைச்சராக இருந்தபோது, கல்வித்துறை இயக்குனர் நெ.து.சுந்தரவடிவேலு முன்நின்று பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். ஊர் ஊராக மக்கள் நிலம் கொடுத்தார்கள், பெஞ்சு கொடுத்தார்கள், கரும்பலகை கொடுத்தார்கள். நெல்லைச் சீமையில் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து படித்து விட்டு ரெயில் ஏறி வந்தவர்கள் இன்றும் இங்கே தாத்தாக்களாக இருக்கிறார்கள். மும்பையில் நிலம் கொடுக்க நம்மால் ஆகாது. பத்துக்குப் பத்துக்கே படாத பாடு. பத்தாம் வகுப்பு வரை படித்த ஒருவர் வரைபடத்தை விரித்து வைத்து மற்றவர்களுக்குச் சொல்ல முடியும். அதற்குக் காசு வேண்டாம்.

குழாயடி அண்ணாச்சி அந்த ஞாயிற்றுக்கிழமை மேலாண்மைக் குழுவுக்கு ஒரு மனு எழுதினார். மேலே தமிழில், கீழே மராத்தியில். புதுக் கட்டிடத்தின் வரைபடத்தைக் குழுக் கூட்டத்தில் காட்ட வேண்டும், கட்டி முடியும் வரை பிள்ளைகளை 1 கிலோ மீட்டருக்குள் வைக்க வேண்டும் என்று தொடங்கி வரிசையாக எழுதி, 22 பெற்றோரிடம் கையெழுத்து வாங்கக் கிளம்பினார். முதல் கையெழுத்து இட்லிக்காரப் பெண்ணுடையது. பேனாவைக் கையில் வாங்கியவர், போடாமல் நிறுத்தினார்.

"அண்ணாச்சி, அந்தத் தாழ்ப்பாள் விசயத்தை எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன் தங்கச்சி, 7-வது."

"அதை முதல்ல போடுங்க."

மனுவை மறுபடியும் எழுத வேண்டியதாயிற்று.